விடுவிக்க இயலாது

திருநின்றவூர்
10.6.2025

அஸ்கருக்கு,

தம்பின்னு ஆரம்பிக்கறதா, 'உதவி இயக்குநர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிக்கறதான்னு தெரியாம வெறும் பேரை எழுதியிருக்கேன். உன் போனை நான் எடுக்கப்போறதில்லை. போன்ல பேசினா எதையாவது சொல்லி சிரிக்க வெச்சுட்டு நழுவிடுவே. எழுதினா நீ முழுசா படிச்சுத்தான் ஆகணும்.

உத்தரவு நேத்து தபால்ல வந்துச்சு. நூம்பல்ல புதுசா திறக்கப்போற குழந்தைகள் இல்லத்துக்கு என் பெண் குழந்தைகள் இல்லத்துலேர்ந்து வேம்புலியம்மாளையும் பானுப்பிரியாவையும் மாத்தியிருக்கீங்க. 'நிர்வாக நலன் கருதி.' ரெண்டு பேரையும் உடனே பணியிலேர்ந்து விடுவிச்சு அறிக்கை அனுப்பணுமாம். கீழே உன் கையெழுத்து. தேதி ஜூன் ஆறு.

ஜூன் ஏழு பக்ரீத். பூந்தமல்லி வீட்டுல என் பக்கத்துல உட்கார்ந்துதானே சாப்பிட்டே? 'அக்கா, இன்னும் கொஞ்சம் தால்ச்சா ஊத்து'ன்னே. ஊத்தினேன். முந்தின நாள் சாயங்காலம் என் இல்லத்தோட முதுகெலும்பை உருவிட்டு வந்திருக்கே, அதைப் பத்தி ஒரு வார்த்தை வரல உன் வாயிலேர்ந்து.

உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். பொண்ணுங்களைப் பார்த்துக்கற இல்லத் தாய்மார்னு எனக்கு இருக்கறது மூணு பேர். வேம்புலியம்மா, பானு, ராணி. ஒரு ஷிஃப்டுக்கு ஒருத்தர். அதுலயும் ஒரு பொண்ணுக்கு உடம்பு முடியலன்னா ஒருத்தர் எழும்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இன்னொரு பொண்ணுக்கு கோர்ட்டுல சாட்சின்னா இன்னொருத்தர் திருவள்ளூர் போகணும். அந்த மாதிரி நாள்ல நான்தான் இல்லத் தாய், நான்தான் கண்காணிப்பாளர், கேட்டுல பெல் அடிச்சா கதவு திறக்கறதும் நான்தான். இப்போ உன் உத்தரவுப்படி ராணி மட்டும் மிச்சம். நாற்பது பொண்ணுங்களுக்கு ஒரு ராணி. அவ எப்போ தூங்கணும்னு அந்த உத்தரவுலயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான் விடுவிக்க மாட்டேன். பதில் ஆள் வந்து என் முன்னாடி நின்னு பணியில சேரட்டும், அன்னைக்கே விடுவிக்கறேன். ஆபீஸுக்கும் இதையே நாலு வரியில எழுதிட்டேன். 'மாற்றுப் பணியாளர் வரும் வரை விடுவிக்க இயலாது.' உனக்கு மட்டும்தான் இவ்வளவு நீளம்.

அம்மாகிட்ட இதைப் பத்திப் பேசாதே. சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு சொன்னாங்க, வாங்கிக் குடு.

ஜுலைகா


பூந்தமல்லி
15.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பெருநாள் அன்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை வாயெடுத்தேன். நீ அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அதை நீ நழுவல் என்று சொன்னால் சொல்லிக்கொள்.

ஆனால் மற்றதை நீ கேட்க வேண்டும். நூம்பல் கட்டடம் தயாராகிவிட்டது. ஆகஸ்டில் திறப்பு விழா என்று மேலே தேதி குறித்துவிட்டார்கள். புதிய பணியிடங்கள் கேட்டு அனுப்பிய கோப்பு இன்னும் திரும்பவில்லை. 'இருக்கிற ஆட்களை வைத்துப் பிரித்துக் கொடு' என்றார் இயக்குநர். எந்த இல்லத்திலும் ஆள் உபரியாக இல்லை என்பது எனக்கும் தெரியும். யாரிடமிருந்தாவது எடுத்தாக வேண்டும்.

இப்போது யோசித்துப் பார். சுற்றிலும் உள்ள எல்லா இல்லங்களிலும் கைவைத்துவிட்டு உன் இல்லத்தை மட்டும் நான் விட்டிருந்தால்? பட்டியலைப் பார்க்கிற முதல் ஆள் கேட்பான், 'திருநின்றவூர் ஏன் இல்லை? ஓ, அக்கா இருக்காங்களோ?' என்று. எட்டு வருடமாக இந்த நாற்காலியில் ஒரு பேச்சு வாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் உன் இல்லத்தை முதலில் எழுதினேன். உன்னால் புரிந்துகொள்ள முடியும் என்று நினைத்தேன்.

இன்னொன்று. பானுப்பிரியாவை நான் பிடுங்கவில்லை. அவர்தான் மாறுதல் கேட்டு மனு கொடுத்திருந்தார். நூம்பலில் அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புது இல்லம். மனுவை முதலில் உன்னிடம்தான் கொடுத்திருக்கிறார். நீ மேலே அனுப்பவில்லை. அதனால் ஊழியர் சங்கத்தின் மூலம் எங்களுக்கு அனுப்பினார். இது உனக்குத் தெரியுமா?

நீ விடுவிக்காமல் வைத்திருக்கிற இருவரில் ஒருவர் போக விரும்புகிறவர். அதையும் சேர்த்துத்தான் உன் 'இயலாது' வந்திருக்கிறது.

உன் தம்பி
அஸ்கர்


திருநின்றவூர்
19.6.2025

அஸ்கருக்கு,

பானு என்கிட்ட மனு கொடுத்தது உண்மை. நான் அனுப்பாததும் உண்மை. அனுப்பியிருந்தா அவளை எடுத்துக்குவீங்க, பதிலுக்கு யாரையும் தரமாட்டீங்க. அதனால மேசை டிராயர்லயே வெச்சிருந்தேன். இப்பவும் அது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா அவ சங்கத்துக்குப் போனது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படிச்சுட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, என்கிட்ட மறுபடி கேட்டிருக்கலாமே?"

அவ கையிலிருந்த சீப்பை மேசையில வெச்சா. அப்புறம் சொன்னா: "கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க மேடம். ஆள் இல்லன்னு சொல்லி என் மூஞ்சியைப் பார்ப்பீங்க. அப்புறம் எனக்கே போவ மனசு வராது. அதான் கேக்கல."

நூம்பல்லேர்ந்து பூந்தமல்லி, அங்கேர்ந்து ஆவடிக்கு பஸ், ஆவடியில ட்ரெயின். அவ பொண்ணு யூகேஜி படிக்குது. காலையில அவ கிளம்பும்போதும் தூங்குதாம், திரும்பும்போதும் தூங்குதாம். "இங்க நாப்பது புள்ளைங்களுக்கு தலை வாருறேன் மேடம். என் புள்ளைக்கு மாமியார் வாருறாங்க"ன்னா. அழல. சாதாரணமாத்தான் சொன்னா.

அப்புறம் எழுந்து நின்னு ஒண்ணு சொன்னா. "நீங்க சண்டை போடறது சரி மேடம். ஆனா என்னை வெச்சு போடாதீங்க."

அன்னைக்கே விடுவிப்பு ஆணையை எழுதிக் கொடுத்துட்டேன். பொண்ணுங்க வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிச்சாங்க.

ஒருத்தரை விட்டுட்டேன், இன்னொருத்தரை விடமாட்டேன். வேம்புலியம்மா போக விரும்பல. "நான் எதுக்கு போவணும்? எங்காண்ட கேட்டாங்களா? நானே இங்கதான் கீறேன்னு சொல்லிட்டேன்னு எழுதிடு மேடம்"ன்னாங்க. எழுதிட்டேன்.

இன்னொரு காரியமும் செஞ்சிருக்கேன். இங்க எந்தப் பொண்ணை வெக்கறதுன்னு முடிவு பண்றது குழந்தைகள் நலக் குழு. அவங்களுக்கு எழுதியிருக்கேன்: எனக்கு ஆள் வர்ற வரைக்கும் புதுசா யாரையும் என் இல்லத்துக்கு அனுப்பாதீங்க, அனுப்பினா பாதுகாப்புக்கு என்னால பொறுப்பேத்துக்க முடியாது. நகல் உங்க இயக்குநருக்கும் போட்டிருக்கேன். தபால்ல போய்ச் சேரும்போது நீ அதிர்ச்சியாகக் கூடாதுன்னு முன்கூட்டியே சொல்றேன். உன்னை மாதிரி நான் மறைக்க மாட்டேன்.

ஜுலைகா


பூந்தமல்லி
30.6.2025

அக்கா,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா?

குழுவின் தலைவர் இயக்குநருக்குப் போன் செய்து, 'உங்கள் இல்லங்களில் ஆளே இல்லை என்று உங்கள் கண்காணிப்பாளரே எழுதுகிறார், என்ன நடக்கிறது?' என்று கேட்டிருக்கிறார். மறுநாள் ஆய்வுக் கூட்டம். எல்லோர் முன்னாலும் இயக்குநர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த ஜுலைகா உங்க அக்காவா?" ஆமாம் என்றேன். "வீட்டுல பேசி முடிக்க வேண்டியதை ஏன் ஊரைக் கூட்டிப் பேசறாங்க?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். தற்காலிகப் பணிநீக்கம் என்ற பேச்சும் அடிபடுகிறது. இன்னும் ஒரு வருடத்தில் உனக்குப் பதவி உயர்வு. அதைக் கையால் தூக்கி ஏரியில் போடுகிறாய். வேம்புலியம்மாளை விடுவித்துவிடு. மூன்று மாதத்தில் பதில் ஆள் வாங்கித் தருகிறேன். நான் சொல்வதை ஒரு முறையாவது கேள்.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு அந்த இல்லம் போதும். விடிந்தால் அங்கே, பொழுது போனால் அங்கே. உனக்குக் குடும்பம் என்று ஒன்றும் இல்லை, வருவது வரட்டும் என்று நிற்கலாம். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வேலையில்தான் அம்மாவும் சாப்பிடுகிறார்கள். எனக்கு அப்படி நிற்க முடியாது.

அஸ்கர்


திருநின்றவூர்
4.7.2025

அஸ்கருக்கு,

'உனக்குக் குடும்பம் இல்லை'ங்கற வரியைப் படிச்சேன். அதுக்கு இப்போ பதில் எழுத நேரமில்லை.

நேத்து ராணி ஒரு பொண்ணைக் கூட்டிட்டு திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போயிருந்தா. காலையில இன்னொண்ணுக்கு வலிப்பு வந்து வேம்புலியம்மா ஆம்புலன்ஸ்ல எழும்பூர் போனாங்க. பானு இல்லை. உங்க ஆபீஸ்லேர்ந்து போன், விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைக்கு பதில் எப்போன்னு. நான் அதைப் பேசிட்டு வந்து பார்த்தா காவ்யாவைக் காணோம். (அது அந்தப் பொண்ணோட பேர் இல்லை. உண்மைப் பேரை உனக்குக்கூட எழுத மாட்டேன்.) பதிமூணு வயசு. பின்பக்கம் துணி காயப்போடற இடத்துல சுவர் ஏறிக் குதிச்சிருக்கா.

மத்த முப்பத்தேழு பேரை விட்டுட்டு நான் எப்படித் தேடப் போவேன்? சமையல்காரம்மாவை நடுக்கூடத்துல உட்கார வெச்சேன். போலீஸுக்கு சொன்னேன். குழுவுக்கு சொன்னேன். இயக்குநருக்கும் நானே போன் பண்ணி சொன்னேன். அப்புறம் கேட்டுல நின்னேன். உள்ளயும் போக முடியல, வெளியவும் போக முடியல.

மத்தியானம் ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து ஒரு பெண் காவலர் கூட்டிட்டு வந்தாங்க. பிளாட்பாரத்துல உட்கார்ந்திருந்தாளாம். முழங்கால்ல சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். எதுக்குப் போனேன்னு கேட்டேன், இன்னும் சொல்லல.

அறிக்கையில எழுதிட்டேன்: 'அந்த நேரத்தில் பணியில் இருந்தது நான் ஒருத்தி மட்டுமே.' இதை வெச்சு என்மேல குத்தம் சுமத்துவாங்க, எனக்குத் தெரியும். சுமத்தட்டும். அந்த வரியை மாத்தி எழுதச் சொல்லி உங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தடவை போன். 'போதிய பணியாளர்கள் இருந்தும்'னு ஆரம்பிக்கணுமாம். முடியாதுன்னுட்டேன்.

நீ இங்க வந்து எத்தனை வருஷமாச்சு? வர்ற சனிக்கிழமை இல்லாட்டி அதுக்கு அடுத்த சனிக்கிழமை வா. அதிகாரியா வராதே, தம்பியாவும் வராதே. பார்வையாளர் அறையில ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கற ஆளா வா. நம்ம வீட்டுல செய்யற மாதிரி சாப்பாடெல்லாம் கிடையாது, பொண்ணுங்க சாப்பிடற சாம்பார் சாதம்தான்.

ஜுலைகா


பூந்தமல்லி
20.7.2025

அக்கா,

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை நான் கிளம்பும்போது நீ ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாய். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். நீ பார்க்காத இரண்டு விஷயங்களை எழுத வேண்டும்.

நான் வந்து உட்கார்ந்ததும் வேம்புலியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், என்னை இட்டுகினு போவத்தான் வந்துகீறியா?"

"இல்லைம்மா. சும்மா பார்க்க வந்தேன்."

"பாரு, நல்லா பாரு. பாத்துட்டு போயி எழுது."

நீ அலுவலகத்துக்கும் சிக் ரூமுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாய். அப்போது ஒரு பெண் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கிற பணிப் பலகையில் அன்றைக்கு யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். மறுபடியும் அதே பலகை. முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

யார் அது என்று வேம்புலியம்மாளிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அதான் சார், அன்னிக்கு ஓடிப்பூட்டு வந்த பொண்ணு. மேடத்தாண்ட இன்னும் சொல்லல. எங்காண்ட நேத்துதான் சொல்லிச்சு. என்னை நூம்பலுக்கு மாத்திட்டாங்கன்னு காதுல உழுந்துகீது. அந்த ஊரு எங்க கீதுன்னு பாத்து வெச்சிக்கலாம்னு கெளம்பிகீது. ஸ்டேஷன்ல போயி நூம்பலுக்கு டிக்கெட் கேட்டுச்சாம். அங்க ஏது சார் ரயிலு? இல்லன்னு சொன்னதும் இன்னா பண்றதுன்னு தெரியாம அங்கியே குந்திகினு இருந்துகீது."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அவரே சொன்னார்: "அத்தோட அம்மாவும் இப்பிடித்தான் சார், சொல்லாம பூட்ச்சி."

அக்கா, ஜூன் ஆறாம் தேதி நான் கையெழுத்துப் போட்டபோது, ஒரு இடத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான் தெரிந்தது எனக்கு.

பதினான்காம் தேதி திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் நூம்பல் திறப்புக்கு நான் ஒரு சான்று தர வேண்டியிருந்தது. 'போதிய பணியாளர்கள் உள்ளனர்' என்று. கையெழுத்துப் போடவில்லை. இயக்குநர் ஏன் என்றார். போதிய பணியாளர்கள் இல்லை சார் என்றேன். இருக்கிற இல்லங்களிலும் இல்லை, புது இல்லத்திலும் இல்லை, ஆள் எடுத்த பிறகு திறக்கலாம், அதுவரை யாரையும் எங்கிருந்தும் மாற்ற வேண்டாம் என்றேன்.

இயக்குநர் கோப்பை மூடி வைத்தார். அவர் மெதுவாகக் கேட்டார்: "உங்க அக்காவுக்காகப் பேசறீங்களா அஸ்கர்?"

எட்டு வருடமாக நான் பயந்த கேள்வி. கேட்டே விட்டார். கேட்ட பிறகு ஒன்றும் ஆகவில்லை.

"ஆமாம் சார். அவங்க என் அக்கா. அவங்க சொல்றது சரி. ரெண்டையும் எழுதிக்கோங்க" என்றேன்.

கோப்பிலும் எழுதிவிட்டேன். என்னை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் தெரியும். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ ஏன் மொதல்லயே கேக்கல?" என்று என்னைத்தான் திட்டினார்கள்.

குடும்பம் பற்றி நான் எழுதிய வரியை அடித்துவிடு.

அஸ்கர்


திருநின்றவூர்
14.8.2025

தம்பி,

அடிக்க மாட்டேன். அந்தக் கடிதம் அப்படியே இருக்கட்டும். எனக்குக் குடும்பம் இருக்கா இல்லையான்னு நீ அந்த சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துட்டே, போதும்.

காவ்யாகிட்ட பேசினேன். வேம்புலியம்மா எங்கேயும் போகலன்னு சொன்னேன். நம்பல. அதனால இனிமே யாரையாவது மாத்தறதா இருந்தா முதல்ல உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன்னு எல்லாப் பொண்ணுங்களையும் உட்கார வெச்சு வாக்கு கொடுத்திருக்கேன். உத்தரவு போடறவங்களுக்கு இந்த வாக்கு பிடிக்காது. பரவாயில்லை.

உன்னைப் பழைய கோப்பு அறைக்கு மாத்திட்டாங்கன்னு ராணிதான் எங்கேயோ கேட்டுட்டு வந்து சொன்னா. நீ எழுதவே இல்லை. தும்மல் வரும் உனக்கு, துணி கட்டிக்கோ மூக்குல. வருத்தமா இருக்கியா? எனக்கு வருத்தம் இல்லை, பெருமையாத்தான் இருக்கு. இதை நேர்ல சொல்ல மாட்டேன், எழுத்துல வெச்சுக்கோ.

நூம்பல் திறப்பு தள்ளிப்போச்சு. நேத்து பானு வந்திருந்தா. அவளைப் புது இல்லத்துல சேர்த்துட்டாங்க, ஆனா அங்க ஒரு குழந்தைகூட இல்லை. "நானும் பெயிண்டரும்தான் கீறோம் மேடம். அவரு சுவத்துல யானை வரைறாரு, நான் தும்பிக்கை கோணலா கீதுன்னு சொல்லிகினு இருக்கேன்"னா. சாயங்காலம் அஞ்சுக்கு வீட்டுல இருக்காளாம். பொண்ணுக்கு அவளே தலை வாருறாளாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா. நல்லா இருக்கட்டும்.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துடுச்சு. உத்தரவை மீறினது ஒண்ணு, அலுவலக விவரத்தை வெளியே எழுதினது ரெண்டு, குழந்தையைக் கவனக்குறைவா விட்டது மூணு. மூணாவதுக்கு மட்டும் என்னால கோபம் அடக்க முடியல. மத்த ரெண்டுக்கும் ஒரே வரிதான் பதில்: செய்தேன்.

ஜுலைகா


பூந்தமல்லி
5.10.2025

அக்கா,

துணி கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். இங்கே நாற்பது வருடத்து ஊழியர் கோப்புகள் இருக்கின்றன. எந்த வருடமும் எந்த இல்லத்திலும் எல்லா இடமும் நிரம்பி இருந்ததில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். வருடாவருடம் 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதியிருக்கிறார்கள். நான் எழுதியதும் அதே வார்த்தைதான்.

ஒரு செய்தி. குழு விடாமல் எழுதியதில் புதிய பணியிடங்களுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. நூம்பலுக்குத் தனி ஆட்கள். உன் இல்லத்துக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மூன்று குற்றச்சாட்டையும் முடித்துவிடலாமாம். பதவி உயர்வும் கெடாது. என்னையும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவாராம். உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

அஸ்கர்


திருநின்றவூர்
2.12.2025

தம்பி,

போன வாரம் விசாரணை. விசாரணை அதிகாரி நல்ல மனுஷன், டீ வரவழைச்சுக் கொடுத்தார். எல்லாத்தையும் படிச்சுட்டு, "அம்மா, நீங்க கேட்டது கிடைச்சுடுச்சு. இனிமே இப்படி நடந்துக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்களேன், நானும் முடிச்சுடறேன்"னார்.

உன்னை ஒரு நிமிஷம் நினைச்சேன். உன் தும்மலை, பிள்ளைங்களை, அம்மாவை. அப்புறம் அவர்கிட்ட பேப்பர் வாங்கி எழுதினேன்: 'மாற்று ஆள் இல்லாமல் மறுபடி இப்படி ஒரு உத்தரவு வந்தால் மறுபடியும் விடுவிக்க மாட்டேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டி வெச்சார். "இது நான் கேட்ட வரி இல்லையே"ன்னார். "எனக்கு எழுத வந்தது இதுதான் சார்"னேன்.

இன்னைக்கு காலையில தண்டனை வந்துச்சு. ஒரு வருஷம் ஊதிய உயர்வு கிடையாது, பதவி உயர்வு பட்டியல்லேர்ந்து என் பேர் போயிடுச்சு. மூணாவது குற்றச்சாட்டு நிரூபிக்கப்படலன்னு விட்டுட்டாங்க. எனக்கு அது ஒண்ணு போதும். மத்ததுக்கு மேல்முறையீடு போடுவேன், சும்மா விடமாட்டேன். உன்னை அந்தக் கோப்பு அறையிலேயே விட்டுட்டேன்னு தெரியும். திட்டணும்னா எழுது. நேர்ல வந்தும் திட்டலாம், அம்மாவையும் கூட்டிட்டு வா.

தண்டனைத் தபால் வந்த அதே நேரத்துல கேட்டுல பெல் அடிச்சுது. பை ஒண்ணைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு நின்னா. உஸ்மான்னு பேரு, ஆவடிக்காரி, சமூகப் பணி படிச்சவ. பணியில சேர வந்திருக்கா. பின்னாடியே இன்னொரு அம்மா, மதிவதனி, அம்பத்தூர்லேர்ந்து. ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, கையெழுத்து வாங்கி, பொண்ணுங்களைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினேன். காவ்யா ரெண்டு பேர் பேரையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தா.

உஸ்மா பயந்து பயந்து கேட்டா: "மேடம், எனக்கு எந்த ஷிஃப்ட்?"

நான் வாயைத் திறந்தேன், பழக்கத்துல எதையோ சொல்லப்போனேன். அப்புறம் நிறுத்திட்டு, என் சர்வீஸ்ல யார்கிட்டயும் கேட்காத ஒண்ணை அவகிட்ட கேட்டேன்.

"உனக்கு எது வசதிம்மா?"

ஜுலைகா